ஏணி இல்லாத ஊரில் இறங்கிய விமானம்

"சீர்காழி தாண்டுறதுக்குள்ள வாந்தி எடுக்குறவ, ஏரோப்ளேன்ல போயி என்னத்தடி கிழிக்கப் போறே?" என்று அத்தை கேட்டார்.

அத்தை என் அப்பாவின் அக்கா. எங்கள் மீனவ ஊரான கிளிஞ்சல்மேட்டிலிருந்து காரைக்கால் மார்க்கெட்டுக்கு மீன் கூடை கொண்டுபோய் விற்பவர். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பாண்டிச்சேரி பஸ்ஸில் நான் சீர்காழியை ஒழுங்காகக் கடந்ததாக ஞாபகம் இல்லை. கண்டக்டர்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். ஏறியதும் சன்னல் ஓரம் காட்டுவார்கள்.

நான் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விலங்கியலில் பட்டம் வாங்கியிருந்தேன். மீன்களைப் பற்றி எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும், பரீட்சை எழுதித் தேறியது நான் ஒருத்திதான். மேற்படிப்பாக மீன்வளம் படிக்க பம்பாயில் ஒரு கல்வி நிலையம் என்னை நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தது. குறித்த நாளில் காலையில் நேரில் நிற்க வேண்டும். வராதவருக்கு மறுநாள் கிடையாது. வீட்டிலும் அதே கணக்குதான். இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று அப்பா பொதுவில் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு விசைப்படகில் பங்கு இருந்தது. அதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு எதுவும் சொல்லப்படவில்லை.

புறப்பட வேண்டிய வாரத்தில் பம்பாய்ப் பக்கம் மழை கொட்டி, மலைப்பாதையில் மண் சரிந்து ரயில்கள் நின்றன. எங்கள் பக்கம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை என்று நெடுங்காட்டு விவசாயிகள் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்த ஆடி மாதம் அது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து லீவில் வந்திருந்த தாய்மாமா, விமான டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொன்னார். காரைக்காலைப் பொறுத்தவரை விமானம் ஏறுவது பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்களின் வழக்கம். எங்கள் தெருவில் யாருக்கும் அந்த வழக்கம் இல்லை. அதனால்தான் அத்தை அப்படிக் கேட்டார்.

மெட்ராஸ் போகும் பஸ்ஸில் சீர்காழியில் ஒருமுறையும் திண்டிவனத்தில் ஒருமுறையும் வாந்தி எடுத்தேன். விமானத்தில் எடுக்கவில்லை. முன் இருக்கையின் முதுகில் தைத்திருந்த பையில் அதற்கென்றே ஒரு காகிதப் பை வைத்திருந்தார்கள். யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பஸ் கம்பெனிக்காரர்களுக்கு இது இத்தனை வருஷமாகத் தோன்றவில்லை.

பம்பாய் வரப் போகிறது என்று சொன்ன பிறகு பம்பாய் வரவில்லை. மேகத்துக்குள் வட்டமடித்தோம். பிறகு காப்டன் ஒலிபெருக்கியில், மழையால் இறங்க முடியவில்லை, வேறு ஓர் ஊரில் இறங்கிக் காத்திருக்கப் போகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் சொன்ன ஊர்ப் பெயரை யாரும் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. இறங்கியதும் பார்த்தேன். பச்சைப் புல்வெளி, ஓட்டுக் கட்டடம் ஒன்று, எருமைகள். எருமைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விமானம் நின்றது. யாரும் இறங்கவில்லை. சிறிது நேரம் கழித்துக் காரணம் தெரிந்தது. இவ்வளவு பெரிய விமானம் அந்த ஊருக்கு வருவது வழக்கமில்லை, ஆகவே எங்களை இறக்கும் உயரத்துக்கு அங்கே ஏணி கிடையாது. எந்த நேரமும் கிளம்பலாம், உட்கார்ந்திருங்கள் என்று காப்டன் சொன்னார். குளிர்ச்சிக் காற்று நின்றது. கதவை மட்டும் காற்றுக்காகத் திறந்து வைத்தார்கள். குடிதண்ணீர் தீர்ந்தது. அதன் பிறகு வாசனை கிளம்பியது.

அது என் காலடியில் இருந்த பையிலிருந்து வந்தது. பம்பாயில் நான் தங்கப் போகும் வீட்டுக்கென்று அம்மா வஞ்சிரக் கருவாடு கட்டிக் கொடுத்திருந்தார். பனையோலைக் கொட்டானில் வைத்து, பழைய வேட்டியில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் உறையும் போட்டிருந்தார். அந்த வெப்பத்துக்கு அத்தனையும் போதவில்லை. கழிவறையில் ஏதோ கோளாறு என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். பணிப்பெண் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா வேலை பார்த்த படகு எஞ்சின் நின்றுபோய் ஆந்திரக் கரையில் ஒதுங்கியது. அந்த ஊர்ப் பஞ்சாயத்தார்தான் சோறு போட்டு, எஞ்சினுக்கு ஆள் பிடித்து, பாதை சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் படகு இங்கே ஒதுங்கினால் எங்கள் ஊரும் அதையே செய்யும். அப்பா அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்: "அன்னியக் கரையில ஒதுங்குனா மொதல்ல யாரு, எந்த ஊருன்னு சொல்லிப்புடணும். முடியாதவங்க யாரும் இருந்தா அதையும் சொல்லணும். சோறு நாமளா கேக்கக் கூடாது. அவங்களா கேப்பாங்க. கெளம்பறப்ப கையில இருக்குறதக் கொடுத்துட்டு வரணும்."

எங்கள் ஊரில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. ஆகவே கரை ஒதுங்குவதெல்லாம் ஆண்களின் பாடு. எங்கள் குடும்பத்தில் பிறத்தியார் கரையில் ஒதுங்கிய முதல் பெண்ணும் நான்தான். இதைப் பட்டத்தோடு சேர்த்து எழுதிக்கொள்ள வழியில்லை.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, இந்த ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தகவல் சொல்லியாகிவிட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் தன் காதைச் சந்தேகப்பட்டாள். நான் திரும்பவும் கேட்டேன். முன் வரிசையில் டை கட்டிய மெட்ராஸ்காரர் ஒருவர் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்:

"மேடம் பஞ்சாயத்தக் கூட்டச் சொல்றாங்கப்பா. ஆலமரம் இருக்கான்னு பாருங்க."

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்கள். பக்கத்து இருக்கை அம்மாள் சிரிக்கவில்லை. மகள் பிரசவத்துக்குப் போகிறவர், மாத்திரை போடத் தண்ணீர் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். காப்டனைக் கேட்கலாமா என்று பணிப்பெண்ணிடம் கேட்டேன். காப்டன் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருக்கிறார் என்றாள். வழக்கப்படி சுக்கான் பிடிப்பவர்தான் கரையோடு பேச வேண்டும். அவருக்கு நேரமில்லையென்றால் வேறு யாராவது பேசியாக வேண்டும். நான் எழுந்து கதவுக்குப் போனேன்.

கீழே ஒரு தீயணைப்பு வண்டி நின்றது. அதன் நிழலில் காக்கி உடுப்புக்காரர் சிலரும், வெள்ளைச் சட்டையில் அந்த நிலையத்து அதிகாரி ஒருவரும் நின்றார்கள். ரொம்ப நேரமாக எங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். யாரும் அவர்களோடு பேசவில்லை. நான் வணக்கம் சொன்னேன். நாங்கள் மெட்ராஸிலிருந்து வருகிறவர்கள், நான் காரைக்கால், மழையால் இங்கே ஒதுங்கியிருக்கிறோம், உள்ளே கைக்குழந்தைகள் இருக்கிறார்கள், மாத்திரை போட முடியாத ஓர் அம்மாளும் இருக்கிறார் என்று ஆங்கிலத்தில், வரிசையாக, கத்திச் சொன்னேன். சோறு கேட்கவில்லை.

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். காரைக்கால் எங்கே இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். பிறகு, சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

அதன் பிறகு நடந்தது எனக்கு ஆச்சரியமில்லை, மற்றவர்களுக்குத்தான். தீயணைப்பு வண்டியின் ஏணியைக் கதவில் சாத்தினார்கள். அது ஆள் ஏறும் ஏணிதான், இவ்வளவு நேரம் அங்கேயேதான் இருந்தது. பயணிகளை இறக்க அதைப் பயன்படுத்த விதியில் இடமில்லை, தண்ணீர் ஏற்றக் கூடாது என்று விதி எதுவும் சொல்லவில்லை. ஒருவர் தோளில் குடத்தோடு ஏறி வந்தார். பின்னால் வாழைப்பழத் தாரும், காகிதத்தில் சுற்றிய ரொட்டியும் வந்தன. அம்மாள் மாத்திரை போட்டுக்கொண்டு, "நன்னா இரும்மா" என்றார். டை கட்டியவர் என் பின்னால் வந்து நின்றார்.

"மேடம், இன்னும் ரெண்டு பழம் கெடைக்குமான்னு கேட்டுச் சொல்லுங்களேன்."

நாமாகக் கேட்கும் வழக்கமில்லை என்று சொல்லிவிட்டேன்.

பேச்சுவாக்கில் அதிகாரியிடம் பம்பாயில் மழை எப்படி என்று விசாரித்தேன். பழகிய பிறகு மனிதர்கள் உள்ளதைச் சொல்வார்கள். பம்பாய் ஓடுபாதையில் தண்ணீர் நிற்கிறது, இன்றைக்கு அங்கே எதுவும் இறங்கப் போவதில்லை, நாளைக்கு மதியம் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். காப்டனுக்குத் தெரியுமா என்றேன். அவரிடம்தான் முதலில் சொன்னோம் என்றார். அந்த நேரத்தில் ஒலிபெருக்கி, எந்த நேரமும் கிளம்பலாம் என்று இன்னொரு முறை சொன்னது.

நேர்முகத் தேர்வு நாளைக் காலையில். நாளை மதியம் என்றால் எனக்கு ஆவணி.

பம்பாய்க்கு வேறு வழி உண்டா என்று கேட்டேன். ரயில்தான் நின்றிருக்கிறது, சாலை திறந்திருக்கிறது, சாயங்காலம் ஊருக்குள்ளிருந்து ஒரு பஸ் புறப்படும், விடிந்ததும் பம்பாயில் இருக்கும் என்றார். எப்படிப்பட்ட பாதை என்று கேட்டேன். மலைப்பாதை, வளைவுகள் அதிகம் என்றார். கேட்டிருக்க வேண்டாம்.

காப்டன் அறையை விட்டு வந்தார். இறங்கினால் திரும்ப ஏற்ற மாட்டோம், விமானம் கிளம்பினால் டிக்கெட்டும் போச்சு, ஏணியில் விழுந்தால் பொறுப்பும் எங்களுடையதல்ல என்றார். சரி என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் வாதத்தை எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது.

இருக்கைக்குப் போய்ப் பையை எடுத்தேன். அப்போதுதான் பக்கத்து அம்மாள் மூக்கைச் சுளித்து, பையைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார். வஞ்சிரம் என்றேன். அவர் தலையசைத்தார். முன் இருக்கைகளின் பைகளில் கைவிட்டு, யாரும் தொடாத காகிதப் பைகளை எடுத்துக்கொண்டேன். பணிப்பெண் பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினேன். கீழே நின்ற ஆண்கள் மரியாதையாக எருமைகளைப் பார்த்தார்கள். தரையைத் தொட்டதும், கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பதால், கருவாட்டு மூட்டையை அதிகாரியிடம் நீட்டினேன். அவர் பிரித்துப் பார்த்தார். நெற்றியில் இருந்த நாமத்தை நான் அப்போதுதான் கவனித்தேன். அவர் மூட்டையை இரண்டு விரல்களால் பிடித்து, நன்றி சொல்லி, தீயணைப்புக்காரர் ஒருவரிடம் கொடுத்தார். அந்த மனிதர் முகம் மலர்ந்தது. ஆகவே வழக்கம் கெடவில்லை.

அதிகாரியே ஜீப்பில் பஸ் நிலையத்தில் விட்டார். பம்பாய் என்று பலகை மாட்டிய பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டருக்கு என்னைத் தெரியாது, சன்னல் ஓரம் காட்டவில்லை. நானே கேட்டு வாங்கினேன். காகிதப் பைகளை மடியில் அடுக்கி, முதல் பையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டபோது பஸ் மலையைப் பார்த்துக் கிளம்பியிருந்தது.