மூன்றாம் முறை கூப்பிடாத குரல்

பத்திரிகைக்கு எழுதும் அளவுக்கு நான் படித்தவன் இல்லை. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன். பிழை இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தபோது, நிலம் அளக்கும் துரையிடம் கூலியாக இருந்தேன். கோம்பாக் பக்கத்து மலை ஒன்றின் உச்சியில் மரங்களை வெட்டச் சொன்னார். மற்ற மலைகளிலிருந்து பார்த்தால் அங்கே நட்ட கம்பம் தெரிய வேண்டுமாம்.

சாயங்காலம் எல்லோரும் இறங்கினார்கள். காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்க நான் பின்தங்கினேன். அதற்குள் மேகம் வந்து மூடிவிட்டது. பாதை தெரியாமல் கொஞ்சம் நடந்து, பயந்து, ஒரு பாறையில் உட்கார்ந்தேன். இருட்டிவிட்டால் விடியும்வரை அங்கேதான். புலி உள்ள காடு.

"அண்ணே!" என்று ஒரு குரல் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. காட்டில் யார் கூப்பிட்டாலும் மூன்றாம் முறைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், பேய் இரண்டு முறைக்கு மேல் கூப்பிடாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. மறுபடியும் "அண்ணே!" என்றது. மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

அப்போது மேகம் ஒரு பக்கம் விலகியது. என் காலுக்கு ஒரு முழம் தள்ளி நிலம் முடிந்திருந்தது. அதற்குக் கீழே வெறும் ஆகாயம். எங்கோ அடியில் ஈயம் தோண்டிய பள்ளங்களில் தேங்கிய குட்டைகள் மின்னின. கிள்ளானுக்குப் போகும் ரயிலின் புகை நூல் மாதிரி தெரிந்தது. நான் விழுந்திருந்தாலும் அந்த ரயில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று தோன்றியது. ஏனோ துக்கம் வரவில்லை. இந்த மலையும் வானமும் எனக்கு முன்பே இருந்தவை, பிறகும் இருக்கும். அவற்றுக்கு யார் மேலும் கோபமில்லை. யாரையும் அவை தேடுவதுமில்லை.

மேகம் திரும்ப மூடியது. இவ்வளவு பெரிய உலகத்தில் என்னைத் தேடியது அந்தக் குரல் ஒன்றுதானே, அது பேயாகவே இருந்தால்தான் என்ன என்று நினைத்தேன். "இங்கே இருக்கேன்!" என்று கத்தினேன்.

நல்ல வேளை, கீழே இறங்கத் தொடங்கியிருந்த குரல் திரும்பியது. எங்கள் வரிசை வீட்டுக்காரன், என்னோடு மரம் வெட்டுகிறவன்.

"காதுல என்ன பஞ்சாண்ணே? ரெண்டு தடவ கத்துனேன்ல?"

"மூணாவது தடவ நீ கூப்பிடுவேன்னு பாத்தேன்."

"மலையேறி வந்தவனுக்கு மூச்சு வாங்காதா? பேய்க்குத்தான் மூச்சு வாங்காது! போதும், என் இடுப்புத் துண்டப் பிடிச்சுக்கிட்டு வாங்க."

வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான். மேகத்தில் அவன் முதுகுகூடத் தெரியவில்லை. அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டேதான் இறங்கினேன். உலகம் எதற்காக இருக்கிறது என்பது இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் யார் கூப்பிட்டாலும் முதல் தடவையே ஏனென்று கேட்டுவிடுகிறேன்.

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. இருவரும் ஏறி மிச்ச மரங்களை வெட்டினோம்.