புத்தூர் பூங்காவில் எண்ணெய்த் தட்டுகள்

புரட்டாசியில் திருப்பதி சாலையில் போகிறவர்கள் பெருமாளைப் பார்க்கப் போவார்கள். நான் போனது புத்தூரில் இருக்கும் செல்வி அக்காவை, வீட்டைப் பூட்ட வைத்து என்னோடு கூட்டி வர.

வீட்டருகே அரிசி ஆலை வந்ததிலிருந்து அக்காவுக்கு மூச்சிரைப்பு. ஆலையில் உமி எரித்துப் பறக்கும் சாம்பல் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஊர் மாற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அப்போது ஸ்ரீபெரும்புதூரில் போன் கம்பெனியில் வேலை பார்த்தேன். மூன்று பெண்கள் தங்கிய எங்கள் அறையில் அக்காவுக்காக நான்காவது பாய்க்குச் சண்டை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தேன்.

திருத்தணியில் காலை ஏழு மணிக்கு ஆந்திரா பஸ். புத்தூருக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். புத்தூர் என்றதும் கண்டக்டர், "கட்டு போடவாம்மா?" என்றார். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் ஊர் அல்லவா. என் கை கால் எல்லாம் நன்றாக இருப்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை. நகரி தாண்டும்போது இடது பக்கம் உட்காருவதா வலது பக்கமா என்று யோசிக்க வேண்டாம், மலை எங்கிருந்தும் தெரியும்.

பஸ் ஸ்டாண்டில் அக்காவின் பக்கத்து வீட்டு முனிரத்தினம் அண்ணன் ஆட்டோவோடு நின்றார். "உங்க அக்கா வூட்ல இல்லம்மா, பார்க்ல காத்துக்கினு கீது. பொல்யூஷன் ஆபீசர் வர்றாரு இன்னிக்கு" என்றார். ஆலைக்கு எதிரே இருக்கும் அந்தப் பூங்காவில் நடக்கிறவர்கள் சேர்ந்து சாம்பலைக் கண்காணிக்கிறார்களாம். அக்காவும் அதில் ஒருத்தி என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அவர்கள் முறை எளிமையானது. எவர்சில்வர் தட்டில் விளக்கெண்ணெய் தடவி, பூங்காவின் நாலு பக்கமும் சாயங்காலம் வைப்பார்கள். விழுகிற சாம்பல் எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். எந்தப் பக்கத் தட்டு கறுக்கிறது என்று காலையில் பார்ப்பார்கள்.

நான் போனபோது அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஆலைப் பக்கத் தட்டு வேப்பமரத்தடியில் இருந்தது. திருமலைக்கு நடந்து போகிறவர்கள் முந்தின சாயங்காலம் அங்கே இளைப்பாறியிருக்கிறார்கள். மரத்தடியில் எண்ணெய்த் தட்டைப் பார்த்தால் நம் ஜனங்கள் சும்மா போவார்களா? அம்மன் என்று நினைத்து, தட்டு நிறையக் குங்குமம் கொட்டி, பக்கத்தில் கற்பூரமும் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

"போச்சுடி. ஆலைக்காரன் சிரிப்பான். நீ பொட்டியைக் கட்டு, உன்கூட வந்துடறேன்" என்றாள் அக்கா. நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமே இல்லை.

பதினோரு மணிக்கு ஆபீசர் வந்தார். "ரண்டி சார், வாங்க" என்று முனிரத்தினம் அண்ணன் மற்ற மூன்று தட்டுகளைக் காட்டிக்கொண்டே வந்தார். அவை ஏறக்குறைய சுத்தமாக இருந்தன. வேப்பமரத்தடியில் அக்கா நடந்ததைச் சொல்ல வாயெடுப்பதற்குள், ஆபீசர் செருப்பைக் கழற்றினார். பேச்சை நிறுத்தாமலே, பழக்கத்தில், குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் மெதுவாக, மரத்தையொட்டி நிறுத்தியிருந்த ஆட்டோவின் கண்ணாடியை அவர் பக்கம் திருப்பினார். நெற்றியில் கரிக்கோடு. ராத்திரி முழுக்க ஆலை ஓடியதில் குங்குமத்தின் மேல் அவ்வளவு சாம்பல்.

அவர் விரலைப் பார்த்தார், புகைபோக்கியைப் பார்த்தார். "ஒரு நாள் சாம்பலா இது?" என்று கேட்டார்.

"ஒரே ராத்திரி சார். தெனம் இதைத்தான் துன்னுக்கினு கீறோம்" என்றாள் அக்கா.

அவர் நெற்றியைத் துடைக்காமலே ஆலைக்குள் போனார். அந்த மாதமே புகைபோக்கிக்குத் தூசி பிடிக்கும் கருவி வந்தது, சாம்பல் குவியலுக்குத் தார்ப்பாய் வந்தது.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், மதிய வெயில் பொல்லாதது. பூங்காவுக்குக் கட்டணம் இல்லை, ஷேர் ஆட்டோ பத்து ரூபாய். தட்டுகள் இன்னும் இருக்கின்றன, குங்குமம் போட வேண்டாம்.

பெயர் தெரியாத அந்த நடைபயணிகளுக்கும், தினமும் தட்டுத் துடைக்கும் அந்த நல்லவர்களுக்கும் என் நன்றி தீராது. தீபாவளிக்கு முன்னால் அக்கா போன் செய்தாள். "நிக்காம ஒரு சுத்து நடந்துட்டேன்டி" என்றாள். அன்று மாலை நான்காவது பாயைச் சுருட்டிப் பரணில் போட்டேன்.