சொறியக்கா

"விரல நல்லா விரிங்க" என்று சொல்லும்போதே நோயாளியின் கையைத் தன் கைக்குள் வாங்கிவிடுகிறார். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு மடிப்பு என்று பூதக்கண்ணாடி ஊர்கிறது. தோல் மருத்துவப் பிரிவின் இந்த நர்ஸை எல்லோரும் 'சொறியக்கா' என்றே கூப்பிடுகிறார்கள். முகத்துக்கு நேராகத்தான். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார். பஸ்ஸில் யாராவது சொறிந்தால் கண் தானாக அங்கே போய்விடும். வீட்டில் வேலையைப் பற்றி வாய் திறந்தால் போதும், கணவர் எழுந்துபோய்க் கதவு நிலையில் முதுகைத் தேய்ப்பார். "சாப்பிடும்போதாவது விடேன் தாயே!"

வெட்கப்பட்டு மறைப்பவர்களிடம் குரல் தணியும். "அழுக்கால வர்றதில்ல இது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி, தோலுக்குள்ள வளை தோண்டிக் குடித்தனம் நடத்துது. வாடகையும் தராது, காலியும் பண்ணாது."

அப்படித்தான் ஒரு லாரி டிரைவர் வந்தார். மனைவி கைக்குழந்தையோடு உள்ளே உட்கார, அவர் பேண்ட் பைக்குள் கைவிட்டபடி வாசலிலேயே நின்றார்.

"புள்ளையத் தூக்கியே ரொம்ப நாளாச்சுக்கா. தனியாப் போய் வராண்டாவுல படுத்துக்கறாரு" என்றார் மனைவி.

டாக்டர் களிம்பு எழுதித் தந்தார். சொறியக்கா விளக்கினார்: "மூணு பேரும் ஒரே நாள்ல பூசணும். உங்களுக்குக் கழுத்துலேருந்து பாதம் வரைக்கும், பாப்பாவுக்குத் தலைக்கும் சேத்து. துணிமணி, போர்வையெல்லாம் சுடுதண்ணியில போடுங்க. ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவ."

"எனக்கு அரிக்கவே இல்லயே?" என்றார் மனைவி.

"அரிக்கறதுக்கு முன்னாடியே வந்து உக்காந்துக்கும்மா."

இரண்டாம் முறை பூசி முடித்த பிறகு மூவரும் திரும்ப வந்தார்கள். டிரைவரின் முகம் தொங்கிப்போயிருந்தது. "போகலக்கா. இன்னும் அரிக்குது. எனக்கு விடிவே இல்ல போல."

சொறியக்கா அவசரப்படாமல் பார்த்தார். புதுத் தடம் ஒன்றுகூட இல்லை. டாக்டரும் பார்த்துவிட்டுத் தலையசைத்துப் போனார்.

"எல்லாம் செத்துப்போச்சுப்பா. அதுங்க விட்டுட்டுப்போன குப்பை உள்ள கெடக்கு. அது போறவரைக்கும் கொஞ்ச நாள் அரிக்கும். யாருக்கும் ஒட்டாது."

"நெசமாவா? புள்ளைக்கு...?"

சொறியக்கா தாயின் மடியிலிருந்து குழந்தையை எடுத்து அப்பாவின் மார்பில் சாய்த்தார். டிரைவரின் கைகள் சற்று நேரம் அந்தரத்திலேயே நின்றன. பிறகு மெல்ல வந்து குழந்தையைச் சுற்றிக்கொண்டன. அது அவர் தாடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. அவருக்குத் தோள் குலுங்கியது.

"அடுத்தது யாரு? எவ்வளவு நேரம்?" என்று வெளியே வரிசை முணுமுணுத்தது. சொறியக்கா மூவரையும் உள்ளேயே விட்டு, திரையை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தார். காத்திருந்தவர்களை நகரச் சொல்லி, பெஞ்சில் அவர்களோடு தானும் ஒருவராக உட்கார்ந்துகொண்டார்.