ஏரிக்கரையில் எனக்கொரு குசினி

மதியச் சாப்பாடு சும்மா தருகிறார்கள் என்று சொல்லித்தான் என் கணவர் என்னை அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே விற்றது மொன்றியலுக்கு வடக்கே ஓர் ஏரிக்கரை வீடு. ஒருமுறை காசைக் கட்டிவிட்டால் வருசத்தில் ஒரு கிழமை, ஏழு நாள், அது எங்களுடையதாம், சாகும்வரை. விற்பனைக்காரப் பெடியன் படங்களைக் காட்டக் காட்ட இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளியே போய் ரொறன்ரோவில் இருக்கும் தமக்கைக்குப் போன் எடுத்துவிட்டு ஓடி வந்தார்.

"அக்காவாக்கள் எல்லாரும் வருவினமாம். ஆட்டிறைச்சி காய்ச்சப் பெரிய சட்டியும் கொண்டு வருவினமாம்!"

இன்னும் கையெழுத்தே வைக்கவில்லை. அதற்குள் இறைச்சி கொதிக்கத் தொடங்கிவிட்டது. அதை யார் துழாவப்போவது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

"ஹோல்ல இருந்துகொண்டே ஏரியைப் பாக்கலாம், பாருமப்பா" என்றார் இவர்.

நான் பெடியனிடம் பிரெஞ்சில் கேட்டேன்: "சமைக்கிற இடம், குசினி, அந்த யன்னலால் என்ன தெரியும்?"

அவன் படங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"கார் பார்க்கிங், மடாம்."

"அது மொன்றியல்ல எங்கட வில்லரே வீட்டுக் குசினியிலயே நல்லாத் தெரியுது" என்று இவருக்குச் சொல்லிவிட்டு எழும்பினேன்.