நான்காவது விரலில் குடியிருந்தவர்கள்

பௌர்ணமி கிரிவலத்தில் செருப்பில்லாமல் பதினான்கு கிலோமீட்டர் நடந்ததில் எனக்குக் கிடைத்தது, வலது காலின் நான்காவது விரலில் ஒரு புண். அடி அண்ணாமலை தாண்டி எதையோ மிதித்திருக்கிறேன். சர்க்கரையால் மரத்துப்போன கால், வீடு வந்து சேரும்வரை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மெடிக்கல் ஷாப்பில் நானே கேட்டு வாங்கிய மாத்திரையை ஒரு வாரம் விழுங்கினேன். புண் பெரிதானதுதான் மிச்சம். டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எலும்புக்குப் போச்சுன்னா விரலை எடுக்க வேண்டி வரும். அந்த மாத்திரையை நிறுத்துங்க. ரெண்டு நாள் கழிச்சு லேப்ல கல்ச்சர் குடுங்க. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாவும்னு தெரியணும்."

ஐம்பத்திரண்டு வருடமாக அந்த விரலை நான் தனியாக நினைத்ததே இல்லை. அன்றிலிருந்து வேறெதையும் நினைக்கவில்லை.

லேபுக்குக் கிளம்புமுன், பிறத்தியார் பார்க்கப்போகிற புண் ஆயிற்றே என்று கிருமிநாசினி ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்குகிற புத்தி. லேப் அம்மா பஞ்சுக்குச்சியால் புண்ணை ஒற்றி எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது: வளர்ச்சி இல்லை. என்னைப் பற்றிப் பலரும் சொன்ன அபிப்பிராயம்தான்; அன்றுதான் அதைக் கேட்டு மகிழ்ந்தேன்.

மனைவி மகிழவில்லை. "கிருமி இல்லன்னா சீழ் எங்கேர்ந்துங்க வருது?" என்று என்னை மறுபடி லேபுக்கு அழைத்துப்போனாள்.

"வர்றதுக்கு முன்னாடி புண்ணுல ஏதாச்சும் ஊத்துனீங்களா சார்?" என்றார் லேப் அம்மா.

"டெட்டால்ல சுத்தமா கழுவிட்டுத்தான் வந்தேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"நாங்க ஆளத் தேடறோம். நீங்க ஊரையே காலி பண்ணிட்டு வந்தீங்களா? மேல இருந்தது செத்துப்போச்சு சார். உள்ள இருக்கறது அப்படியே இருக்கு."

"வீட்ல ஒரு தட்டு கழுவுனதில்லம்மா இவரு" என்றாள் மனைவி.

இம்முறை லேப் அம்மாவே வெறும் உப்புநீரில் கழுவிவிட்டு, ஆழத்திலிருந்து எடுத்தார். ரிப்போர்ட் வாங்கப் போனபோது, "அவங்களைப் பாக்கலாமா?" என்று கேட்டேன். கிருமிகள்மேல் எப்படியோ மரியாதை வந்துவிட்டது. சிரித்துவிட்டு, மூடி ஒட்டிய ஒரு வட்டத் தட்டை வெளிச்சத்தில் காட்டினார்.

பாலாடை மாதிரி தட்டு முழுக்கப் படர்ந்திருந்தன. நடுநடுவே குங்குமப் பொட்டு அளவில் வெள்ளைக் காகிதத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்தாம். சிலவற்றைச் சுற்றி, போலீஸ் கயிறு கட்டி ஒதுக்கியதுபோல் வெட்டவெளி. ஒன்றை மட்டும் பௌர்ணமிக் கூட்டமாய் நெருக்கியடித்துச் சூழ்ந்து நின்றன.

"இது என்ன மருந்துங்க?"

"நீங்க ஒரு வாரமா சாப்ட்டீங்களே, அதுதான்."

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் விரலை எடுக்க வந்தவர்கள். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. "இதை வீட்டுக்குக் கொண்டுபோலாமா?" என்றேன்.

"வேகவச்சுக் கொன்னுட்டுத்தான் சார் வெளியவே போடுவோம்."

வெட்டவெளி விழுந்த மருந்துகளில் ஒன்றை டாக்டர் எழுதித் தந்தார். ஒரு மாதத்தில் புண் மூடியது. விரல் இருக்கிறது, நகம்தான் போய்விட்டது. கடைசியாகக் கட்டுப் பிரித்த அன்று, "நல்லா ஆறிடுச்சு. காலைக் கொஞ்சம் கழுவிட்டு வந்திருக்கலாம்" என்றார் டாக்டர்.