நாக்கில் வந்த அம்மன்

ஆயம்மாள் பேசினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நைனார்பாளையத்தில் கரும்பின் காய்ந்த தோகையை, சோகையை, உரிக்கக் கூலிக்குப் போகிறவர். கணவர் இறந்தபின் மகள் செவ்வந்திதான் துணை. நிலக்காரர் வீட்டுப் பெரியநாயகியிடம் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் இரண்டு மூன்று தடவை கேட்க வேண்டும். கையைக் குவித்தால் அந்தம்மா மேலிருந்து ஊற்றுவார்.

ஆடி மாதம் ஆயம்மாளுக்கு ஓயாத வாந்தி. மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையை, சீக்கிரம் நிற்கட்டுமென்று சேர்த்துச் சேர்த்துப் போட்டுக்கொண்டார். மறுநாள் கோயிலில் கூழ் ஊற்றும்போது அவர் நாக்கு முறுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கழுத்து திருகியது, விழிகள் மேலே செருகின.

"ஆத்தா வந்துட்டாடி."

பம்பை மேளம் வேகமெடுத்தது. தலையில் மஞ்சள் தண்ணீர், கையில் வேப்பிலை. பெரியநாயகி ஆயம்மாளின் காலில் விழுந்தார்.

"எம் பொண்ணுக்கு எப்ப கல்யாணம் ஆவும் தாயே? வாயத் தொறந்து சொல்லு."

ஆயம்மாளால் பேச முடியவில்லை. எச்சில்தான் வழிந்தது. மூச்சு முட்டுவதைச் சொல்லத் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"கழுத்தக் காட்றா பாரு. தாலி காணிக்க கேக்கறா."

யாரோ வாயில் தீர்த்தம் ஊற்ற, புரையேறி உதடு கறுத்தது.

"சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல, எங்கம்மா செத்துக்கினு இருக்குது" என்று செவ்வந்தி அழுதாள்.

நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தேன். ஆயம்மாளும் நானும் இருக்கும் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதனால் ஆயம்மாளைத் தூக்கப் போன என்னைத் தடுக்கக் கூட்டம் கொஞ்சம் தயங்கியது. அந்தத் தயக்கம் போதுமாக இருந்தது. ஆயம்மாளை நடுவில் உட்காரவைத்து, பின்னால் செவ்வந்தி பிடித்துக்கொள்ள, பைக்கைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு விட்டேன்.

ஊசி போட்டுச் சற்று நேரத்தில் நாக்கு உள்ளே போயிற்று.

"வாந்தி மாத்திரையே சிலருக்கு இப்படி இழுத்துடும்" என்றார் டாக்டர். "ஒடம்புல தண்ணி வத்தினாலும், கால்சியம் கம்மியானாலும் நாக்கு பிடிச்சுக்கும். அடிக்கடி வந்தா காட்டணும். மூச்சு, முழுங்கறது, பேச்சு, இதுல எது தடுமாறினாலும் ஒடனே தூக்கினு வந்துடணும். இந்த மாத்திரைய இனிமே தொடாதீங்கம்மா."

அடுத்த வாரம் ஆயம்மாள் கரும்புக்கொல்லையில் தண்ணீர் கேட்டார்.

"மாத்திர சாமிக்குத் தாகமா?" என்றார் பெரியநாயகி. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மேலிருந்து ஊற்றினார்.

அன்று சாயங்காலம் ஆயம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, அந்த மாத்திர பேரு இன்னா?"

"எதுக்கு அத்தை?"

"சும்மாதான்." தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "அன்னிக்கி எல்லாரும் எம் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தாங்க."

நான் பேரைச் சொல்லவில்லை. ஆனால் அது, வாந்தி என்று சொன்னாலே கடையில் எடுத்துக் கொடுத்துவிடுகிற மாத்திரை.