பூட்டிய சைக்கிள்

நீர்வேலிப் பக்கம் சைக்கிள் மிதிக்கிறேன். ஊர் புதிது, சைக்கிள் தங்கியிருக்கும் வீட்டில் வாங்கிய இரவல். திடீரென இராணுவ ஹெலிகொப்டர் சத்தம். முன்னால் போனவர்கள் சைக்கிள்களை நடுத்தெருவில் போட்டுவிட்டு வாழைத்தோட்டத்துக்குள் ஓடுகிறார்கள். தொலைந்தால் வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது? நான் ஸ்டாண்ட் போட்டு, பூட்டுகிறேன்.

"அண்ணை, ஹெலியே உங்கடை சைக்கிளைக் களவெடுக்க வருது? ஓடி வாங்கோ!" வாய்க்காலுக்குள் குப்புறக் கிடக்கும் ஒரு பெண் கத்துகிறாள்.

அவளுக்குப் பக்கத்தில் போய் விழுகிறேன். மேலிருந்து சுடுகிறார்கள். வாழையிலைகள் கிழிந்து முதுகில் விழுகின்றன. அசையவே பயமாயிருக்கிறது.

சத்தம் தள்ளிப் போனதும் எல்லோரும் சைக்கிள்களில் ஏறிப் பறக்கிறார்கள். அவசரத்தில் எனக்குத் திறப்பு பூட்டுக்குள் போகவில்லை. அவள் பறித்துத் திறந்துவிடுகிறாள்.

"கெதியா ஏறுங்கோ. உது திரும்பி வரும்."

"எப்ப வரும்?"

"அது தெரிஞ்சால் நான் இதிலை நிண்டு உங்களோடை கதைப்பனே?"